பணியில் உள்ளார்

காலை பத்து நாற்பது. டோக்கன் எண் ஐம்பத்தேழு. பெயர் பியூலா தங்கம்.

பலகையில் நாற்பத்தொன்று எரிகிறது. வெகுநேரமாக நாற்பத்தொன்றுதான் எரிகிறது. அந்த எண்ணுக்குரிய ஆள் மூன்றாம் கவுண்டர் முன்னால் நின்று நின்று, ஒரு காலை மடக்கிக்கொண்டு கொக்கு மாதிரி ஆகிவிட்டான். சர்வர் வரவில்லையாம். சர்வர் எங்கிருந்து வர வேண்டும், பஸ்ஸிலா ரயிலிலா, வந்தால் எந்த வாசல் வழியாக வரும், தெரியவில்லை. ஆனால் பெஞ்சில் இருக்கும் அத்தனை பேரும் கதவைத்தான் பார்க்கிறோம். கீழே பிரியாணிக் கடையில் தம் உடைத்துவிட்டார்கள். வாசனை படியேறி வந்து எங்களோடு உட்கார்ந்துவிட்டது, அதற்கு டோக்கன் வேண்டாம். வேலை போனவர்கள் காத்துக் கிடக்கும் அலுவலகத்தைப் பிரியாணிக் கடைக்கு மேலே பிடித்த புண்ணியவான் யாரோ, வயிறு நிறைந்தவராகத்தான் இருக்க வேண்டும். என் வீட்டுக்காரர், ஷைனி அப்பா, இந்நேரம் வாக்கரைத் தள்ளிக்கொண்டு அடுப்பு வரைக்கும் போயிருப்பார். நேற்று வைத்த ரசத்தைச் சுட வைக்கிறேன் என்று பாதியைக் கீழே சாய்த்திருப்பார், குனிய முடியாமல் துணியைக் காலால் தள்ளித் துடைப்பார். எந்தக் காலால். வலதா. வலது வேண்டாமே, வலதில்தானே கம்பி இருக்கிறது. போன் பண்ணலாமா. பண்ணினால் “இன்னாச்சு, குடுத்துட்டாங்களா” என்பார். இத்தனை வருஷம் சாரத்தில் ஏறி மூன்று மாடிக்குச் சுண்ணாம்பு அடித்த ஆள், கீழே விழுந்த பிறகு அந்தக் குரலில் ஒரு கூச்சம் வந்துவிட்டது, கடையில் மிட்டாய் கேட்கிற பிள்ளையின் கூச்சம். பண்ண வேண்டாம்.

என் வலப்பக்கத்தில் டைமாபீஸ் சார் உட்கார்ந்திருக்கிறார். வரதராஜுலு என்று ஒரு பெயர் அவருக்கு உண்டு, கம்பெனியில் ஒருவரும் அதைச் சொன்னதில்லை. யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், யாருக்கு எத்தனை நாள் லீவு பாக்கி, யார் ஓவர்டைம், எல்லாம் அவர் கைக்குள். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, மடியில் டிபன் பை. கம்பெனி மூடி அரை வருஷம் ஆகப்போகிறது, இன்னும் வேலைக்குப் போகிறவர் மாதிரி இஸ்திரி போட்டு உடுத்துகிறார். அவருக்கு டோக்கன் இல்லை. அவர் சம்பளம் எங்களைவிடக் கொஞ்சம் கூட, அதனால் குடும்பத்துக்கு வைத்தியம் பார்க்கிற இந்தத் தொழிலாளர் காப்பீட்டுக்குள்ளேயே அவர் வரவில்லை, வேலை போனால் கொடுக்கிற உதவித்தொகையும் அவருக்குக் கிடையாது. எனக்காக வந்திருக்கிறார். போன வாரம் என்னோடு வேலை பார்த்த சபீனாவுக்காக வந்தார், கைக்குழந்தையோடு அவள் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள், சர்வர் வராமலே ஆபீஸ் நேரம் முடிந்துவிட்டது. சபீனா படியிறங்கும்போது, “சார், என் பையன் தவழறதுக்குள்ள வருமா, நடக்கறதுக்குள்ள வருமா, அத மட்டும் கேட்டுச் சொல்லுங்கோ” என்றாளாம். சார் உண்மையிலேயே திரும்பிப் போய்க் கேட்டாராம். அவர் அப்படித்தான். கேலியைக் கேலி என்று சொல்லிக்கொடுத்தால்தான் தெரியும்.

பணியில் உள்ளார். என் மனு திரும்பி வந்தபோது அதில் அச்சடித்திருந்தது அந்த இரண்டு வார்த்தைதான். முதல் தடவை ஏதோ தப்பாக வந்துவிட்டது என்று நினைத்தேன். இரண்டாம் தடவை ஜெராக்ஸ் கடைக்காரர் படித்துக் காட்டி, “நல்லதுதானேம்மா, வேலைல இருக்கறீங்களாம்” என்றார். மூன்றாம் தடவை நானே படித்தேன். பணியில் உள்ளார். எந்தப் பணியில். கேட்டில் சங்கிலி போட்டு, சங்கிலிக்கு மேலே பாங்க்காரன் நோட்டீஸ் ஒட்டி, நோட்டீஸையும் ஆடு பாதி தின்றுவிட்டது. அந்தக் கம்பெனியில் நான் பணியில் உள்ளேன். ஷைனி அப்பா சிரித்தார். “ஏய் பியூலா, நீ டூட்டிலதான் கீறியாம். டூட்டில இருக்கறவ வூட்ல இன்னா பண்ற, போ போ, லேட்டாவுது.” ஷைனி சிரிக்கவில்லை. நர்சிங் முதல் வருஷம் முடியப்போகிறது, அடுத்த வருஷத்துக் கட்டணம் கட்டச் சொல்லி இரண்டு முறை ஆள் விட்டுவிட்டார்கள். “சிப்காட்ல லைனுக்கு ஆள் எடுக்கறாங்கோமா, நான் போறன்” என்று சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள், உப்பு கொஞ்சம் கம்மி என்று சொல்வது மாதிரி. நான் உப்பை எடுத்து வைத்தேன். அந்த உதவித்தொகை வந்தால் அவள் போக வேண்டாம். திரும்பி வந்த என் மனுவுக்கு இந்த மாதத்தோடு கெடு முடிகிறது, அதற்குள் ஏறாவிட்டால் ஏறவே ஏறாது. ஏறாவிட்டால் அவள் மிஷினில் உட்காருவாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள். நானும் ஒரு வருஷம் என்றுதான் உட்கார்ந்தேன்.

நாற்பத்திரண்டு. வந்துவிட்டது, சர்வர் வந்துவிட்டது, பெஞ்சில் எல்லோரும் ஒரு அங்குலம் நகர்ந்தோம், நகர வேண்டிய அவசியம் இல்லை, இருந்தாலும் நகர்ந்தோம். இது லைன் பழக்கம். முன்னால் இருக்கிறவள் கை நகர்ந்தால் நம் கையும் நகரும். என் கட்டைவிரல் இப்போதும் ஆள்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறது, நூல் முனையைத் திரிக்கிற மாதிரி. ஷூவின் மேல்தோலைத் தைக்கிற வேலை. அப்பர் என்போம். இடது அப்பர், வலது அப்பர், இரண்டும் சேர்ந்தால் ஜோடி, ஜோடி முடிந்தால் நூலை நறுக்கிப் பெட்டியில் போட வேண்டும். எங்கள் லைனில் ஒரு வழக்கம், யார் ஆரம்பித்தது என்று தெரியாது: ஒத்தைக் காலை மேஜையில் விட்டுவிட்டு யாரும் பஞ்ச் அடிக்கக் கூடாது. மணி அடித்துவிட்டதா, பரவாயில்லை, இடது முடிந்திருந்தால் வலதையும் தைத்து ஜோடி சேர்த்துவிட்டுத்தான் போய் அட்டையைத் தேய்க்க வேண்டும். எப்போதோ கன்னியம்மா என்று ஒருத்தி அவசரத்தில் ஒத்தைக் காலை விட்டுவிட்டுப் போய், பஸ் படியில் சறுக்கி, மாவுக்கட்டோடு மூன்று மாதம் ஒற்றைக் காலில் குதித்தாளாம். கன்னியம்மாவை நான் பார்த்ததில்லை. யாருமே பார்த்ததில்லை. ஆனால் ஒத்தைக் காலை யாரும் விட்டதில்லை. புது சூப்பர்வைசர்கள் வந்தால் முதல் வாரம் கத்துவார்கள், இரண்டாம் வாரம் அவர்களே, “ஜோடி ஆயிடுச்சாம்மா, கிளம்பலாமா” என்பார்கள்.

கடைசி நாள் ஜோடி ஆகவில்லை. நவம்பர் முப்பது. காலையில் கட்டிங்கிலிருந்து இடது கால் துண்டுகள் மட்டும் வந்தன. வலது வரும் வரும் என்றார்கள். தோல் தீர்ந்துவிட்டது, தோல்காரனுக்குப் பாக்கி, அவன் வண்டியைக் கேட்டிலிருந்தே திருப்பிக்கொண்டு போய்விட்டான் என்று மத்தியானம் தெரிந்தது. நாங்கள் தைத்தோம். வேறென்ன செய்வது. மேஜை முழுக்க இடது கால், கறுப்பு, பளபளவென்று, ஒரு நொண்டிப் பட்டாளத்துக்குத் தைத்த மாதிரி. ஐந்தரைக்குச் சூப்பர்வைசர் வந்து, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லாமல், “எல்லாரும் பத்திரமா போங்க” என்றார். பத்திரமாகப் போங்கள் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை, அதில்தான் தெரிந்தது. ஏப்ரனைக் கழற்றினோம், பாபின்களைத் துணியில் முடிந்து டிராயரில் வைத்தோம், யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பஞ்ச் மிஷின் சுவரில் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. முன்னால் போன ஒருத்தி அதைத் தாண்டிப் போனாள். அடுத்தவளும் தாண்டினாள். கேட்டில் வாட்ச்மேன் அண்ணன், “ஏம்மா, பஞ்ச் அடிக்காம போறீங்கோ?” என்றார். “ஜோடி முடியலண்ணா.” யார் சொன்னது, நானா, சபீனாவா. டைமாபீஸ் ஜன்னலில் சார் நின்றுகொண்டிருந்தார். எங்களைக் கூப்பிடவில்லை. அவர் கூப்பிட்டிருந்தால் திரும்பிப் போய் அடித்திருப்போம், அவர் சொல்லி யாரும் தட்டியதில்லை. கூப்பிடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நாற்பத்தேழு. வேகமாகப் போகிறதே, இவ்வளவு வேகம் வேண்டாம், நான் இன்னும் யோசித்து முடிக்கவில்லை. காலையில் படியேறும்போது சார் சொன்னார். என் மனு ஏன் திரும்புகிறது என்று நான் கேட்கவில்லை, அவராகவே, ஏழாவது படியோ எட்டாவது படியோ, மூச்சு வாங்க நின்ற இடத்தில் சொன்னார். “கம்பெனி லாகின்ல ஒவ்வொருத்தருக்கும் வேலையை விட்ட தேதி போடணும்மா. மத்தவங்களுக்கு எல்லாம் போட்டுட்டேன். ஒன்பது பேருக்கு விட்டுப்போச்சு. உனக்கும் விட்டுப்போச்சு. மறந்துட்டேம்மா.” தேதி இல்லாததால் கம்ப்யூட்டருக்கு நாங்கள் வேலையை விடவில்லை, வேலையில் இருக்கிறவளுக்கு வேலை போனதற்கு உதவித்தொகை எப்படிக் கொடுப்பான். இப்போது தேதியைப் போடவும் கம்ப்யூட்டர் விடவில்லை, பழைய தேதி, ஆபீசர் பூட்டைத் திறந்துவிட்டால்தான் போட முடியும், திறக்க வேண்டுமென்றால் ஏன் இவ்வளவு நாள் போடவில்லை என்று காரணம் கேட்பார். “காரணம் நான் சொல்லிக்கிறேன், நீ பயப்படாதே” என்று மீதிப் படியை ஏறினார். எனக்குக் கோபம் வந்தது. வந்ததா. வந்தது. மூன்று தடவை நான் வெயிலில் அலைந்து, ஷைனி உப்பு கேட்கிற மாதிரி அதைச் சொல்லி, எல்லாம் இவர் மறந்ததாலா. அந்தக் கோபத்தோடுதான் வந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு அது நூல் மாதிரி ஒரு இடத்தில் சிக்கிக்கொண்டது.

மறந்துட்டேன். டைமாபீஸ் சார். மறந்துட்டேன். நான் ரத்தம் கொடுக்கப் போன அரை நாளை லீவில் கழித்துவிட்டார்கள் என்று, நானே மறந்த பிறகு, அடுத்த வருஷம் வந்து, “பியூலா, உனக்கு அரை நாள் பாக்கிம்மா” என்றவர். யாருக்கு எந்த மாதம் பிறந்தநாள் என்று தெரிந்துவைத்து, பஞ்ச் மிஷின் பக்கத்தில் ஒரு காபி மிட்டாயை வைத்துவிட்டு, தான் வைக்காத மாதிரி எங்கேயோ பார்ப்பவர். தினமும் யாராவது ஒருத்தி அட்டை தேய்க்க மறப்பாள், தினமும் அவர் ராத்திரிக்குள் சரிபண்ணிவிடுவார். கடைசி நாள் நாங்கள் லைன் முழுக்க அடிக்காமல் போனோம், அத்தனை பேருக்கும் உட்கார்ந்து சரிபண்ணித் தேதி போட்டிருக்கிறார், ஒன்பது பேருக்கு மட்டும் மறந்துவிட்டாராம். யார் அந்த ஒன்பது. நான். சபீனா. குணவதி, அவள்தான் போனில் அழுதாள், எனக்கும் அதே பணியில் உள்ளார்தான் அக்கா என்று. சபீனாவுக்கு ஜனவரியில் பிரசவம், குழந்தை குறுக்கே கிடந்து ஆபரேஷன். குணவதி அம்மாவுக்கு மார்பில் கட்டி, கதிர்வீச்சுக் கரண்டு வைக்க வாரம் மூன்று நாள் கூட்டிப் போகிறாள். நான். எனக்கு ஷைனி அப்பா. முதல் ஆபரேஷன் தீபாவளிக்கு முன்னால், எலும்பு கூடவில்லை, திரும்பத் திறந்து கம்பி மாற்ற வேண்டும் என்று பெரிய டாக்டர் சொன்னது கம்பெனி மூடுவதற்கு ஒரு வாரம் முன்னால். லீவு கேட்கப் போனபோது சாரிடம் சொன்னேன். “எப்பம்மா ரெண்டாவது?” என்றார். பிப்ரவரி என்றேன். பேனாவை மூடினார். பிப்ரவரி. பிப்ரவரியில் ஆஸ்பத்திரி ஜன்னலில் நான் காப்பீட்டு அட்டையை நீட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். வேலை போய்விட்டது, அட்டை செத்திருக்கும், வெளியே போ என்பார்கள், விற்கவும் வீடு இல்லை. அந்தப் பெண் தட்டிப் பார்த்து, “உயிரோடதான் இருக்கு, போங்க, வார்டுக்குப் போங்க” என்றாள். அட்டையைச் சொன்னாள். எனக்கு ஷைனி அப்பாவைச் சொன்ன மாதிரி கேட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எழுந்து நின்று சாட்சி சொன்னேன், கர்த்தர் அடைத்த வாசலைத் திறந்தார் என்று. காணிக்கை போட்டேன். கர்த்தர் திறந்தார்தான். ஆனால் அவர் யாரை வைத்துத் திறந்தார் என்று நான் பார்க்கவில்லை. தேதி போட்டிருந்தால் அட்டை அன்றைக்கே செத்திருக்கும். மறதி என்பது வீடு வீடாகப் போய், யார் வீட்டில் நோயாளி இருக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்தா பிடிக்கும். திரும்பி அவரைப் பார்த்தேன். தலைக்கு மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், அது ஒரு சுற்றுக்கு ஒரு தரம் முனகுகிறது, அதற்கு எண்ணெய் விட ஆள் வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

ஐம்பத்திரண்டு. இப்போது பயம் வந்தது, கோபம் இருந்த அதே இடத்தில், அதே பெஞ்சில். சார் காரணம் சொல்லிக்கொள்கிறேன் என்றாரே, என்ன சொல்வார். அவருக்குப் பொய் வராது. என்னிடம் ஒரு பொய் சொன்னார், மறந்துட்டேன் என்று, அதற்கே ஏழு படி ஏற வேண்டியிருந்தது, மூச்சு வாங்கியது. பாலாற்றில் வெள்ளம் வந்து பஸ் நின்ற வருஷம் எங்கள் எல்லோருக்கும் நேரத்துக்கு வந்ததாகப் போட்டுவிட்டு, தனக்கு மட்டும் அரை நாள் வெட்டிக்கொண்ட மனிதர். ஆபீசர் நேருக்கு நேர் பார்த்து, ஏன் போடவில்லை என்றால், “தெரிஞ்சுதான் சார் விட்டேன்” என்பார். சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைப்பார். அப்புறம். அப்புறம் என்ன செய்வார்கள். வேலையில் இல்லாதவள் புருஷனுக்கு எப்படி வைத்தியம் பார்த்தோம் என்று ஷைனி அப்பா தொடையைத் திறந்து கம்பியைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா. பிறந்த குழந்தையை என்ன செய்வார்கள். ஒன்றும் செய்ய மாட்டார்கள், சார் மேல் கேஸ் போடுவார்கள். இந்த வயதில் அவர் அந்த வெள்ளைச் சட்டையோடு போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, அங்கே இருக்கும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் பேசிவிடலாம். அவருக்கு முன்னால் நான் வாயைத் திறந்துவிடலாம். என்ன சொல்ல. சார் மறந்துட்டார் என்று நான் சொன்னால் அது அவர் பொய், என் வாயில் வந்து என் பொய். பாஸ்டர் அம்மா சொல்வார், பொய் சொன்னால் அது புருஷன் பிள்ளை மேல் வந்து நிற்கும் என்று, அதை நான் முழுக்க நம்புவதில்லை, ஆனால் கம்பி வைத்த காலை நினைத்தால் நம்பிவிடுகிறேன். வந்தால் ஷைனி படிப்பு, போனால் சார். இரண்டையும் ஒன்றாகப் பிடிக்க முடியுமா. இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று. கட்டைவிரல் விரலைத் தேய்க்கிறது. ஐம்பத்தாறு. ஐம்பத்தாறுக்காரர் எழுந்து போய், கவுண்டரில் குனிந்து, உடனே நிமிர்ந்து வந்துவிட்டார், ஏதோ ஒரு கையெழுத்து விட்டுப்போயிற்றாம். அநியாயம், ஒரு மனுஷனுக்கு இவ்வளவு சீக்கிரமாகவா முடியும்.

ஐம்பத்தேழு. மூன்றாம் கவுண்டர் ஆபீசர் திருநெல்வேலிக்காரர், பெயர்ப்பலகையில் சு. இசக்கியப்பன் என்று இருக்கிறது, வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை போலிருக்கிறது, எங்கள் பேச்சு அவருக்கு வேடிக்கை, அவர் பேச்சு எங்களுக்கு. நான் கம்பிக்குள் காகிதத்தை நீட்டினேன். சார் என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆபீசர் தட்டினார், திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “என்னம்மா, வேலையில இருக்கீங்கன்னுல்லா காட்டுது. வேலையில இருந்துக்கிட்டே வேலையில்லன்னு கேட்டா எப்படி?” சார் தொண்டையைச் செருமினார். “கம்பெனி மூடியாச்சு சார். தேதி போடாம விட்டது நாங்கதான். நான் டைம் ஆபீஸ். லாகின் என்கிட்ட இருக்கு. நீங்க திறந்துவிட்டா போட்டுடறேன்.” “ஏன் போடல? ஆறு மாசம் ஆகப்போவுதே. காரணம் எழுதாம நான் எப்படித் தெறக்க?” சார் நிமிர்ந்தார். எனக்குத் தெரியும் அந்த நிமிர்வு. அரை நாள் வெட்டிக்கொள்ளும்போது இப்படித்தான் நிமிர்ந்திருப்பார். “அது வந்து சார், நான்...” என்றார். நான் அவர் காலை மிதித்தேன். பலமாகத்தான் மிதித்தேன், செருப்போடு. இடது கால். அது வரைக்கும் என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்குத் தெரியாது, மிதித்ததும் வந்துவிட்டது, ஊசியில் நூல் தானாகப் போய் நுழைகிற மாதிரி. “நான்தான் சார் பஞ்ச் அடிக்கல.”

“என்னது?” “கடைசி நாள், போம்போது பஞ்ச் அடிக்கல சார். காலைல உள்ள வந்ததுக்கு அடிச்சேன். வெளிய போனதுக்கு அடிக்கல. கணக்குல நான் உள்ளதான் இருக்கறேன்.” “ஏன் அடிக்கல?” “ஜோடி முடியல சார்.” சொல்லிவிட்டேன். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னால் அது எவ்வளவு பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது என்று கேட்டபோதுதான் தெரிந்தது. பின்னால் ஐம்பத்தெட்டு சிரித்தது. ஆபீசர் சிரிக்கவில்லை. சாய்ந்து உட்கார்ந்து, “வெளங்கும்படியா சொல்லுங்க” என்றார். சொன்னேன். இடது கால் மட்டும் வந்ததை, தோல் வண்டி திரும்பிப் போனதை, ஒத்தைக் காலை விட்டுவிட்டு எங்கள் லைனில் யாரும் அட்டை தேய்க்க மாட்டோம் என்பதை, கன்னியம்மாவை, மாவுக்கட்டை. கன்னியம்மா வந்தபோது அவர் வாயோரம் அசைந்தது. “எங்க ஊர்ல தறிக்காரங்க பாவு நூலப் பாதியில விட்டுட்டு எந்திரிக்க மாட்டாங்க. எங்க மாமா எந்திரிச்சாரு, அன்னைக்கே பல்லு உடைஞ்சுது” என்றார். பிறகு சாரைப் பார்த்தார். “அப்படியாய்யா? இந்தம்மா பஞ்ச் அடிக்கலயா?” சார் என்னைப் பார்த்தார், தன் இடது காலைப் பார்த்தார். உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்லத் தெரியாத மனிதருக்கு உண்மையிலேயே ஒரு வாசல் திறந்திருப்பதைப் பார்க்க அவ்வளவு நேரம் பிடித்தது. “ஆமாம் சார்” என்றார். “அடிக்கலை. நான் ஜன்னல்ல நின்னு பார்த்தேன்.” “பாத்துட்டு சும்மாவா இருந்தீரு?” “கூப்பிட மனசு வரலை சார்.” அதுவும் உண்மைதான். “இப்படி எத்தனை பேரு?” “ஒன்பது பேர் பாக்கி.” ஆபீசர் பேனாவை எடுத்தார். கடைசி நாள் வெளியேறும் பதிவு விடுபட்டது என்று எழுதினார், ஜோடியை எழுதவில்லை, கன்னியம்மாவையும் எழுதவில்லை. “இந்தம்மாவுதத் தெறக்கேன். மத்தவங்களும் ஒவ்வொருத்தரா நேர்ல வரணும். நீரும் கூட வரணும். வெளிய உக்காரும், தெறந்ததும் கூப்பிடுதேன்.” நாங்கள் பெஞ்சுக்குத் திரும்பினோம். பலகையில் ஐம்பத்தேழு அப்படியே எரிகிறது. சர்வர் மறுபடியும் போய்விட்டது.

பெஞ்சில் எங்கள் இடம் இன்னும் சூடாக இருந்தது. சார் டிபன் பையைப் பிரித்தார், தயிர்சாதமும் மாவடுவும், மூடியில் பாதியைப் போட்டு என் பக்கம் தள்ளினார். பிரியாணி வாசனைக்கு நடுவில் தயிர்சாதம். கால் வலிக்கிறதா என்று கேட்க நினைத்தேன். ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டேன். ஷைனி அப்பா இந்த நேரத்துக்குத் துடைத்து முடித்திருப்பார், ரசம் போன இடம் பளிச்சென்று இருக்கும், மற்ற தரை அழுக்காகத் தெரியும். தேதி ஏறினால் அட்டை செத்துவிடும். சாகட்டும். கால் கூடிவிட்டது, எலும்பு பிடித்துவிட்டது, அட்டை தன் வேலையைச் செய்துவிட்டது. பரீட்சை முடிந்து ஷைனி இரண்டாம் வருஷத்துக்குப் போவாள். போவாளா. போவாள். ஜன்னல் வழியாக வெயில் வந்து சாரின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது, காலரில் ஒரு இடம் இற்றுப்போய், கையால் தைத்திருக்கிறது, தையல் ஒழுங்கில்லை, அவரே தைத்திருக்க வேண்டும். நாளைக்குக் கேட்டு வாங்கி மிஷினில் ஒரு ஓட்டு ஓட்ட வேண்டும். தராவிட்டால் பிடுங்க வேண்டும்.

“சார்.”

“சொல்லும்மா.”

“எனக்கு மறந்துட்டீங்கோ.”

“ஆமாம்மா.”

“சபீனாவுக்கும் மறந்துட்டீங்கோ.”

“ஆமாம்மா.”

“குணவதிக்கும்.”

மாவடுவைக் கடித்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தார். “வயசாச்சுல்ல.”

“நல்ல மறதி சார்” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உள்ளேயிருந்து, “யம்மா ஐம்பத்தேழு, வாங்க, தெறந்துட்டு” என்று திருநெல்வேலிக் குரல் கூப்பிட்டது. சார் கையைக் கழுவக்கூடப் போகாமல் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். கம்ப்யூட்டரில் தேதி போடப் பேனா வேண்டாம். இருந்தாலும் எடுத்தார். நான் முன்னால் போனேன்.

2023 ஆகஸ்ட் 18, வெள்ளிக்கிழமை, ஒன்பது பேரில் கடைசியாக இருந்த குணவதியின் பதிவு மூடப்பட்டது. அவள் தாயாரின் சிகிச்சை அதற்கு முந்தைய வாரம் முடிந்திருந்தது. மாலை ஐந்து முப்பத்திரண்டுக்கு வரதராஜுலு டிபன் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். மறுநாளிலிருந்து அவர் அந்த அலுவலகத்துக்கு வரவில்லை.